அத்துவிட்ட தேதி

இர்விங், டெக்சாஸ்
3 ஜூன் 2024

அண்ணனுக்கு பாண்டீஸ்வரி எழுதுவது.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. மதினிக்கு அடித்தால், "அவுக கோவமா இருக்காக ஈஸ்வரி, ரெண்டு நாள் போகட்டும்" என்கிறார். அந்த ரெண்டு நாள் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். தபால்காரரிடமாவது கதவைச் சாத்த மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை பிறந்த வாரத்தில் ஒருநாள் உங்கள் மாப்பிள்ளை சத்தியமூர்த்தி என் கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுத்து, "ஊருக்குப் போயி அண்ணனைப் பாத்துட்டு வா" என்றார். ஐந்து வருடத்தில் ஒருநாளும் அப்படிச் சொன்னவர் இல்லை. பிரித்துப் பார்த்தால், போவதற்கு மட்டும் டிக்கெட். திரும்பி வருவதற்கு இல்லை. மகள் சௌபர்ணிகாவின் பெயரும் அதில் இல்லை. கேட்டதற்கு, "அவ இங்க பொறந்தவ. இங்கதான் இருப்பா. நீ போறதுன்னா போ" என்றார். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீபலட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னோடு காரைக்குடியில் படித்தவள்தான். எங்கள் இருவருக்கும் ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள்.

இதைச் சொல்லத்தான் அன்று போன் செய்தேன். "அடுத்தவ வீட்டு மூலையில கெடக்கிறதுக்கு ஊருக்கு வந்து தொலை" என்றீர்கள். நானும் கத்திவிட்டேன்.

அண்ணே, நான் ஏன் வரவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் இந்த நாட்டில் இருப்பது அவருடைய வேலை விசாவைத் தொற்றிக்கொண்டுதான். அவர் மனைவி என்பதால் எனக்கு இடம். ஒரே வீட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கல்யாணம் சட்டப்படி முறியாதவரைக்கும் நான் மனைவிதான் என்று இங்கே என் வக்கீல் சொல்கிறார். அதற்குள் ஒரு காலேஜில் இடம் வாங்கி, மாணவி விசாவுக்கு மாற்றிக் கேட்டு மே மாதம் விண்ணப்பித்துவிட்டேன். அந்தப் பதில் வரும்வரை நான் அவர் மனைவியாக இருந்தாக வேண்டும். மனசில் இல்லை, காகிதத்தில்.

பிள்ளையை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இரண்டு பேருக்கும் கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. இப்போது நான் வந்தால் தனியாகத்தான் வரவேண்டும். வந்துவிட்டால், திரும்பி உள்ளே விட யாரும் இல்லை. சௌபி அவரோடு போய்விடுவாள்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். போனை எடுங்கள்.

பாண்டீஸ்வரி


ஒக்கூர்
24 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் பூமிநாதன் எழுதிக்கொள்வது.

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யூரியா வந்திருக்கிறது, ஆள் கூட்டம். தாளின் மேலே உரக் கம்பெனி படம் இருக்கிறதே என்று சிரிக்காதே.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது பக்கத்தில் விசா, காலேஜ், கோர்ட் என்று என்னவோ எழுதியிருந்தாய். அதை உன் மதினி அழகி படித்துவிட்டு, "எதுக்கும் ஈஸ்வரிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள். எனக்கு முதல் பக்கமே போதும். என் தங்கச்சியை ஒற்றை டிக்கெட்டில் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு படிக்க என்ன இருக்கிறது?

நேராக ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுகிற அம்பலகாரர் பெரியகருப்பனிடம் போனேன். நம் பக்கத்து வழக்கப்படி ஆத்தங்குடிக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். சத்தியமூர்த்தியின் அப்பாவும் தம்பியும் வந்தார்கள். நேற்று கோயில் முன்னால் கூட்டம். நான் எழுந்து, "மாப்பிளைக்கு எங்க புள்ள வேண்டாம்னா, அவ கொண்டுவந்த அண்டாவும் குண்டாவும் மட்டும் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன். சண்டை பிடிப்பார்கள் என்று நாலு பேரைக்கூட கூட்டிப் போயிருந்தேன். அவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது ஞாயந்தாங்க, அத்துவிட்ருவோம்" என்றார் அந்தப் பெரியவர். நாம் போட்ட சீர் அத்தனையையும் அன்றைக்கே ஆத்தங்குடி வீட்டிலிருந்து எடுத்துக்கொடுத்துவிட்டார்கள். பீரோ, கட்டில், பித்தளை அண்டா, முறுக்கு உரல் முதற்கொண்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து உன் அறையில் இறக்கிவிட்டேன். சீர் வீடு திரும்பிவிட்டால் உறவு அத்துப்போச்சு என்பது உனக்குத் தெரியாததா.

பத்திரத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்தாகிவிட்டது. எழுதுமுன் அம்பலகாரர், "எப்பருந்து பிரிஞ்சு இருக்காக?" என்று கேட்டார். பிரிந்த நாளைப் போட்டு எழுதினால்தான் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்து வில்லங்கம் எதுவும் நம்மேல் ஒட்டாது என்பதுதானே வழக்கம். நான் சித்திரைத் தேதியைச் சொன்னேன். உனக்காக நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா இருந்தால் அவர் போட்டிருப்பார்.

சாமான் ஏற்றியதை அவன் தம்பி வீடியோ எடுத்தான். நானும் வாங்கி ஸ்டேட்டஸ் வைத்தேன். ஊரெல்லாம் பார்க்கட்டும். இனி நீ யாருக்கும் பெண்டாட்டி இல்லை, யாரும் உன்னை ஒன்றும் சொல்ல முடியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தலைநிமிர்ந்து வா. நேற்றுத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

உன் அண்ணன்
பூமிநாதன்


இர்விங்
11 ஜூலை 2024

அண்ணனுக்கு.

உங்கள் கடிதம் இன்று வந்தது. அதற்கு முன்பே வீடியோ வந்துவிட்டது. தீபலட்சுமியின் அம்மா காரைக்குடியிலிருந்து அனுப்பியிருந்தார். முறுக்கு உரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறீர்கள். கல்யாணத்தன்றுகூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை.

அவர்கள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று ஒரு நிமிடம்கூட உங்களுக்குத் தோன்றவில்லையா? வண்டி ஏற்றக் கை கொடுத்தார்களே, அப்போதாவது?

அந்தப் பத்திரத்தை அவருடைய வக்கீல் இங்கிலீஷில் மாற்றி என் வக்கீலுக்கு அனுப்பிவிட்டார். விசா அலுவலகத்துக்கும் போய்விட்டது. எங்கள் சாதி வழக்கப்படி, பெண் வீட்டார் சம்மதத்தோடு, சீர் திரும்பி, சித்திரையிலேயே கல்யாணம் முறிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். நம் நாட்டுச் சட்டமே இப்படிப்பட்ட வழக்கத்தை ஏற்றுக்கொள்கிறதாம். இங்கே கோர்ட்டில் முறிக்க அவருக்கு வருடக்கணக்கில் ஆகியிருக்கும். நீங்கள் ஒரு சாயங்காலத்தில் முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

தேதிதான் என்னை அடித்துப்போட்டது. நான் மாணவி விசா கேட்டது மே மாதம். சித்திரையிலேயே நான் மனைவி இல்லை என்றால், மே மாதத்தில் நான் இந்த நாட்டில் இருக்க உரிமையே இல்லாதவள். உரிமை இல்லாதவள் போட்ட விண்ணப்பம் செல்லாது. இருக்க உரிமை இல்லாத தாயிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று அவர் வக்கீல் கேட்கப்போகிறார்.

இதைத்தான் இரண்டாவது பக்கத்தில் எழுதியிருந்தேன்.

நீங்கள் இப்போது விடாமல் போன் செய்வது தெரிகிறது. எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். யாரிடமாவது காட்டிவிட்டு எழுதுங்கள்.

பாண்டீஸ்வரி


ஒக்கூர்
1 ஆகஸ்ட் 2024

தங்கச்சிக்கு.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஊரே என்னைப் பாராட்டுகிறது, இவள் மட்டும் ஏசுகிறாளே என்று. அழகி அந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் வருகிறது.

காரைக்குடியில் மீனலோசனி என்று ஒரு வக்கீலம்மா. பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல ஒங்க தங்கச்சி கையெழுத்து எங்கண்ணே?" என்றார். நான் போட்டதைக் காட்டினேன். "அவுககிட்டக் கேட்டீகளா?" என்றார். "கேக்க என்ன இருக்கும்மா, நான்தான அவளுக்கு எல்லாம்" என்றேன். அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

பெண்ணுக்குத் தெரியாமல் நடந்தது, அவளைக் கேட்காமல் அத்துவிடுகிற வழக்கம் கிடையாது என்று சொன்னால் இதை உடைக்கப் பார்க்கலாமாம். ஆனால் நான் மட்டும் சொன்னால் எடுபடாது, "ஒங்க வீடியோவே ஒங்களுக்கு எதிரா நிக்கும்" என்கிறார். அம்பலகாரரும் கூட்டத்தில் இருந்தவர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் போய்விடும் என்று நினைத்திருந்தேன். ஊரில் பாதிப் பேர் போனில் அது இருக்கிறது.

நான் எழுதி வாங்கிவிடுவேன். பெரியகருப்பன் நம் அப்பாவோடு பழகியவர். நீ கவலைப்படாமல் சாப்பிடு.

அண்ணன்


இர்விங்
22 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு.

மாணவி விசா இல்லை என்று பதில் வந்துவிட்டது. காரணம் நான் முன்பே எழுதியதுதான்.

பிள்ளை யாரிடம் என்பதற்கு அக்டோபர் தொடக்கத்தில் விசாரணை. அதற்குள் ஊரார் எழுதிக் கொடுத்தது என் வக்கீல் கையில் இருக்க வேண்டும். மூன்று விஷயம் இருந்தால் போதும் என்கிறார். எனக்குச் சொல்லவில்லை, நான் சம்மதிக்கவில்லை, நான் இல்லாமல் அத்துவிட்டது வழக்கத்தில் சேராது. அம்பலகாரரிடம் கெஞ்சுங்கள். உங்களுக்குக் கெஞ்சத் தெரியாது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை.

சௌபி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். வீட்டுப் படம் வரையச் சொன்னார்களாம். தீபலட்சுமி, அவள் கணவர், பிள்ளைகள், நாய், நான் எல்லோரையும் வரைந்திருக்கிறாள். "இதுல உன் வீடு எது?" என்று டீச்சர் கேட்டதற்கு, "நாங்க கெஸ்ட்" என்றாளாம்.

மதினியைப் பேசச் சொல்லுங்கள். அவர் உங்களோடு பேசாமல் இருப்பது எனக்கு உதவி இல்லை.

பாண்டீஸ்வரி


ஒக்கூர்
13 செப்டம்பர் 2024

தங்கச்சி ஈஸ்வரிக்கு.

கெஞ்சினேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றேன். அதை நினைத்து எனக்கு இப்போது வெட்கம்கூட இல்லை.

பெரியகருப்பன் முதலில் சரி என்பது போலத்தான் தலையாட்டினார். ஆத்தங்குடியிலிருந்து யாரோ பேசியிருக்கிறார்கள். கூட்டத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஏப்பா பூமி, நீ சொல்லித்தான எழுதுனோம்? இன்னைக்கி நாங்க எழுதுனது பொய்யின்னு நாங்களே எழுதித் தந்தா, இதுக்கு மின்னாடி இங்க அத்துவிட்ட குடும்பமெல்லாம் நாளைக்கி வந்து நிக்க மாட்டாகளா?" என்றார்.

கடைசியில் பரிதாபப்பட்டு ஒரு வழி சொன்னார்கள். அத்துவிட்டதை மறுபடி சேர்த்து எழுதலாமாம். "ஆனா சேக்கிறதுன்னா பொண்ணு நேர்ல வந்து கூட்டத்துல நிக்கணும்ப்பா. ஆளில்லாமச் சேத்து எழுதுற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

"அத்துவிடும்போது அவ இங்கயா இருந்தா?" என்று கத்திவிட்டேன். "அதுக்குத்தான் நீ இருந்தியே" என்றார் ஒருவர். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

நீ வந்து நின்றுவிட்டு உடனே திரும்பிப் போக முடியுமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். நான் கேட்டதே தப்பு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. என் பங்குக்கு நான் சொல்ல வேண்டியதை முத்திரை வைத்து எழுதி, உன் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். தங்கச்சியைக் கேட்காமல், புத்தியில்லாமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தை வேண்டாம் என்றார் வக்கீலம்மா. இருக்கட்டும் என்றேன்.

அண்ணன்


இர்விங்
8 அக்டோபர் 2024

அண்ணனுக்கு.

நீங்கள் எழுதி அனுப்பியதை ஜட்ஜ் படித்தார். அடுத்து வீடியோவைப் பார்த்தார். உங்கள் சிரிப்பு அந்தப் பெரிய அறையில் நன்றாகக் கேட்டது.

பத்திரம் செல்லுமா செல்லாதா என்பதை முடிவு செய்யக் காலம் ஆகுமாம். அதுவரை சௌபி அப்பாவிடம் இருக்க வேண்டும். வீடு, வேலை, விசா மூன்றும் அவரிடம் இருக்கிறது. என்னிடம் தீபலட்சுமியின் ஒரு அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கலாம்.

இங்கேயே இருந்து வழக்கு நடத்தினால் என்ன என்று வக்கீலைக் கேட்டேன். உரிமை இல்லாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் என் கணக்கில் ஏறுமாம். மிஞ்சிவிட்டால், பல வருடத்துக்கு இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது. இப்போதே நானாகப் போய்விட்டால், பிற்பாடு பிள்ளையைப் பார்க்க விசா கேட்கும்போது கொஞ்சம் நல்ல பெயர் இருக்கும் என்றார். கிடைக்குமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

இருந்தாலும் அவளை இழக்கிறேன், போனாலும் இழக்கிறேன். எது குறைவாக இழப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதில் உங்களிடம் யோசனை கேட்கவில்லை.

பாண்டீஸ்வரி


ஒக்கூர்
26 அக்டோபர் 2024

ஈஸ்வரி,

நேற்று ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நீ வேறு எப்படியாவது கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் சாமான் எல்லாவற்றையும் மறுபடி வண்டியில் ஏற்றினேன். சீர் திரும்பியதால்தானே அத்துப்போனது, திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் சேர்ந்துவிடாதா என்று நினைத்தேன். அழகி நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

ஆத்தங்குடியில் கேட்டைத் திறக்கவில்லை. உன் மாமனார் உள்ளே நின்றபடியே, "அன்னைக்கி எல்லாத்தையும் சரிபாத்துத்தான வாங்கிட்டுப் போனீக? ஒரு கரண்டி கொறஞ்சுச்சுன்னு சொன்னீகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் என்ன, போயிட்டு வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வெயிலில் நின்றேன். "எங்குட்டுண்ணே போறது?" என்று டிரைவர் கேட்டான். நீயே சொல், தங்கச்சி. எங்குட்டுப் போவது?

அந்த ஜட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தமிழில்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது, அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பிள்ளையைத் தாயிடம் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். சட்டத்தில் இடம் இருக்காது என்று தெரியும். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

நீ திட்டியாவது ஒரு போன் செய்.

அண்ணன்


இர்விங்
11 நவம்பர் 2024

அண்ணே,

ஜட்ஜுக்கு எழுதியதை நானே இங்கிலீஷில் மாற்றி வக்கீலிடம் கொடுத்தேன். இதையெல்லாம் ஜட்ஜ் பார்க்க மாட்டார் என்றார். ஆனாலும் கிழித்துப் போடவில்லை, ஃபைலுக்குள் வைத்தார். மாற்றி எழுதும்போது இரண்டு இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை.

உங்களுக்கு என்மேல் பாசம் இல்லை என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது என்றாவது தெரிந்திருக்கும். அவர்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் அவர் எனக்கு அந்நியர். வீட்டில் உறங்காமல் கிடந்து, எனக்காக அடித்துப் பேசி, என்னை அறுத்துவிட்டது நீங்கள். உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். நானே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் திருச்சியில் இறங்குகிறேன். மதினியும் நீங்களும் மட்டும் வாருங்கள். தேதியை மதினிக்குச் சொல்கிறேன். வழக்கு நடக்கட்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் சௌபியோடு வீடியோவில் பேசலாம் என்று உத்தரவு வாங்கியிருக்கிறேன்.

நேற்று ஞாயிறு. அவளிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அவளுக்கு அவர் முன்பே ஏதோ சொல்லியிருக்கிறார், அம்மா ஊருக்குப் போகிறாள் என்று. கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்து அவள் அறைக்கு இழுத்துப் போனாள். கட்டில்மேல் பள்ளிக்கூடப் பை. அதற்குள் இரண்டு கவுன், பல் தேய்க்கிற பிரஷ், ஒரு ஜோடி செருப்பு, குளிருக்குத் தொப்பி. "அம்மா, நானும் ரெடி" என்றாள். அவர் வாசல் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

கீழே உட்கார்ந்து பையைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அவள் அலமாரியில் வைத்தேன். அவள் அழவில்லை. கூடவே உட்கார்ந்து எனக்கு எடுத்து எடுத்துக் கொடுத்தாள். தொப்பியை மட்டும் தானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

பை காலியானதும் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அப்ப நம்ம ரெண்டு பேருமே போகலையா?" என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரி